ஒரு படம், ஆறு இடங்கள்: பூஸ்டர்களால் தீராத ஒரு கோளாறு

அந்தக் கருத்தரங்கக் கூடத்தின் மேடைக்குப் பின்னால் இருந்த அலமாரியைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டவை பூஸ்டர்கள்தான், கேபிளில் வரும் சிக்னலைத் தூக்கிவிடும் சிறு பெட்டிகள். அங்கும் கேபிள்கள் போகும் வழியிலுமாக நான்கு இருந்தன. ஐந்தாவது, மேடைக் கேமராவின் கேபிள் போய்ச் சேரும் அறையில் மேசைக்கு அடியில் கிடந்தது. படம் சரியாக வரவில்லை என்ற புகார் எழும்போதெல்லாம் யாரோ ஒருவர் ஒரு பூஸ்டரை வாங்கி வந்து இடையில் செருகிவிட்டுப் போயிருக்கிறார். ஒன்று பலன் தராதபோது இன்னொன்று. இப்படியே இரண்டு ஆண்டுகள் கடந்திருக்கின்றன.

வேலை முடிந்தபோது ஐந்தையும் கழற்றி ஒரு பெட்டியில் போட்டுவிட்டோம். எதையும் திரும்ப மாட்டத் தேவைப்படவில்லை. இந்த நிகழ்வை விரிவாக எழுதுவதற்குக் காரணம் அதுதான். ஒரே படத்தைப் பல திரைகளுக்கு அனுப்பும் இடங்களில் வரும் கோளாறு எதுவானாலும் "சிக்னலுக்குப் பலம் போதவில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். இந்தக் கூடத்தில் தனித்தனியாக ஐந்து கோளாறுகள் இருந்தன. அவற்றில் பலம் குறைந்ததால் வந்தவை இரண்டே. அந்த இரண்டுக்கும்கூட பூஸ்டர் தவறான இடத்தில் இருந்தது.

என்ன இருந்தது, என்ன நடந்தது

மேடை மேசையில் பேச்சாளரின் மடிக்கணினி. அலமாரியில் 4கே (3840×2160 புள்ளிகள்) தரத்தில் படம் தரும் ஒரு மீடியா பிளேயர். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒரு செலக்டர். படம் போய்ச் சேரவேண்டிய இடங்கள் ஆறு: 1920×1200 புள்ளிகள் கொண்ட புரொஜெக்டர், பக்கச் சுவர்களில் இரண்டு 4கே தொலைக்காட்சிகள், பேச்சாளர் பார்த்துக்கொள்ள மேசையில் 1280×1024 அளவுள்ள பழைய மானிட்டர், உரைகளைப் பதிவு செய்யும் கருவி, கூடம் நிரம்பினால் ஆட்கள் அமரும் உபரி அறையில் ஒரு தொலைக்காட்சி. உபரி அறைக்குக் கேபிள் செல்லும் வழி சுமார் 45 மீட்டர். இவற்றோடு சேராமல், பழைய அனலாக் மேடைக் கேமரா ஒன்று இரண்டு அறைகளில் இருந்த மானிட்டர்களுக்குப் படம் தந்துகொண்டிருந்தது.

புகார்களைக் கூடத்தின் பொறுப்பாளர் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டு இல்லையென்றால் எனக்கு இன்னும் இரண்டு நாள் ஆகியிருக்கும். சில நாள் எல்லாத் திரைகளிலும் படம் சுருங்கி, இரு பக்கமும் கறுப்பாக வருகிறது. அந்த நாள்களில் ஒலியும் வருவதில்லை. வேறு சில நாள் புரொஜெக்டரும் உபரி அறையும் முழுக்கக் கறுப்பு, ஆனால் பக்கத் தொலைக்காட்சிகளில் படம் அற்புதமாக இருக்கிறது. உபரி அறையில் படம் வரும் நாளிலும் வெள்ளைப் பொட்டுகள் தெறிக்கின்றன, இரண்டு மூன்று நொடிகள் படம் போய்த் திரும்புகிறது. மீடியா பிளேயரைப் போட்டால் எந்தத் திரையிலும் ஒன்றும் வருவதில்லை. புரொஜெக்டர் படம் எப்போதும் வெளிறியே இருக்கிறது. கேமரா படம் மங்கல்.

"ஒரு பெரிய பூஸ்டராகப் போட்டுவிட்டால் சரியாகிவிடும் அல்லவா, சார்?" என்று பொறுப்பாளர் கேட்டார். முதலில் கேபிள்கள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று ஒரு தாளில் வரைந்துவிடலாம் என்றேன்.

வரைந்து முடிக்க அரை நாள் ஆனது. செலக்டரிலிருந்து இரண்டு வழி ஸ்ப்ளிட்டர், அதாவது ஒரு சிக்னலை இரண்டாகப் பகிரும் பெட்டி. அதன் ஒரு கிளை, நடுவே ஒரு பூஸ்டர் வழியாக, நான்கு வழி ஸ்ப்ளிட்டருக்கு. அதன் முதல் வாயில் (செருகும் துளையில்) மேசை மானிட்டர், அடுத்ததில் ஒரு பூஸ்டர் வழியாக புரொஜெக்டர், மற்ற இரண்டில் பக்கத் தொலைக்காட்சிகள். இன்னொரு கிளை மற்றொரு இரண்டு வழி ஸ்ப்ளிட்டருக்குப் போய், அங்கிருந்து பதிவுக் கருவிக்கும் உபரி அறைக்கும் பிரிந்தது. உபரி அறைக்கு 15 மீட்டர் கேபிள்கள் மூன்றை இரண்டு பூஸ்டர்களால் இணைத்து இழுத்திருந்தார்கள்.

பக்கத்தில் வைத்தும் தீராத கோளாறு

கோளாறு தூரத்தால் வருகிறதா இல்லையா என்பதைக் கண்டுபிடிக்க நான் நம்பும் சோதனை ஒன்று உண்டு. தூரத்தை இல்லாமல் செய்துவிடுவது. மேசை மானிட்டரையும் ஒரு சிறிய தொலைக்காட்சியையும் அலமாரிக்குப் பக்கத்திலேயே வைத்து, ஒன்றரை மீட்டர் கேபிளால் நான்கு வழி ஸ்ப்ளிட்டரில் நேரடியாகச் செருகினேன். பூஸ்டர் எதுவும் இல்லை. மடிக்கணினியை இயக்கியதும் படம் அதேபோல் சுருங்கி, பக்கங்கள் கறுப்பாக, ஒலியில்லாமல் வந்தது.

ஒன்றரை மீட்டரில் இந்தச் சிக்னல் சொல்லும்படியாகப் பலம் இழப்பதில்லை. ஆகவே கோளாறு வேறு இடத்தில் இருந்தது.

படத்தையும் ஒலியையும் டிஜிட்டலாகச் சுமக்கும் எச்டிஎம்ஐ கேபிளில், படம் செல்லும் கம்பிகளைத் தவிர, இரு முனைகளும் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும் மெல்லிய தடம் ஒன்றும் இருக்கிறது. டிடிசி என்று அதற்குப் பெயர். திரை தன்னைப் பற்றிய விவரங்களை ஈடிஐடி என்ற சிறு பட்டியலாக வைத்திருக்கும்: எந்தெந்த அளவில் படம் ஏற்பேன், எது எனக்கு உகந்தது, ஒலி வேண்டுமா, வேண்டுமென்றால் எத்தனை சேனல். அடிப்படைப் பகுதி 128 பைட்டுகள். ஒலி முதலான விவரங்கள் அதற்கு அடுத்த 128 பைட் நீட்சியில் இருக்கும். மடிக்கணினி அந்தப் பட்டியலைப் படித்துவிட்டுத்தான் என்ன படம் அனுப்புவது என்று முடிவு செய்கிறது. ஒரு கணினியும் ஒரு திரையும் என்றால் இதில் சிக்கலே இல்லை. நடுவில் ஸ்ப்ளிட்டர் வந்துவிட்டால், அது யாருடைய பட்டியலைக் கணினிக்குக் காட்டுவது?

அந்த நான்கு வழி ஸ்ப்ளிட்டர் தன் முதல் வாயில் இருப்பவரின் பட்டியலை அப்படியே மேலே அனுப்பும் வகையைச் சேர்ந்தது. முதல் வாயில் இருந்ததோ பழைய மானிட்டர். கணினியில் ஈடிஐடியைப் படித்துக் காட்டும் நிரல் ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். உகந்த அளவு 1280×1024. நீட்சிப் பகுதி இல்லை. எனவே ஒலியும் இல்லை. கூடத்திலேயே மிக எளிய திரையின் சொல்லைக் கேட்டு, மற்ற எல்லாத் திரைகளுக்கும் அதே படம் போயிருக்கிறது.

நோட்டில் இருந்த "சில நாள்" என்ற புதிருக்கும் இதிலேயே விடை இருந்தது. மேடையில் வேறு நிகழ்ச்சி இருக்கும் நாள்களில் மேசையை ஓரமாக நகர்த்தி மானிட்டர் கேபிளைக் கழற்றிவிடுவார்களாம். அப்போது ஸ்ப்ளிட்டர், மீதமுள்ளவற்றில் விவரம் முதலில் கிடைத்த தொலைக்காட்சியின் பட்டியலை எடுத்துக்கொண்டிருக்கிறது. அது 4கே கேட்கும். கணினியும் மகிழ்ச்சியாக 4கே அனுப்பும். தொலைக்காட்சிகளில் அற்புதமான படம். 4கே ஏற்காத புரொஜெக்டரில் இருள். மானிட்டரை அணைத்து வைத்தால் போதாதா என்று பொறுப்பாளர் கேட்டார். போதாது. ஈடிஐடி இருக்கும் சிறு நினைவகத்துக்குக் கேபிளில் வரும் 5 வோல்ட்டே உணவு. அணைந்து கிடக்கும் மானிட்டரும் பட்டியலைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

மின்சாரம் தேவைப்படாத ஒய் வடிவ எச்டிஎம்ஐ கேபிள்களைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். அதே அலமாரியில் ஒன்று கிடந்தது. இரண்டு திரைகளை ஒரே நேரத்தில் இயக்க அதனால் முடியாது. இரண்டு திரைகளும் ஈடிஐடியை ஒரே முகவரியில் வைத்திருப்பதால், கணினி கேட்கும்போது இரண்டும் ஒன்றாகப் பதில் சொல்லி இரைச்சலாகிவிடும். படக் கம்பிகளிலும் ஒரு ஏற்பிக்கென்று கணக்கிட்ட சுமை இரட்டிப்பாகிவிடும். ஸ்ப்ளிட்டர் என்றால் உள்ளே மின்சுற்றும் அதற்கென்று தனி மின்சாரமும் இருந்தாக வேண்டும்.

எல்லோரும் ஏற்கும் ஒரு படத்தை நாமே முடிவு செய்துவிடுவதே தீர்வு. 1920×1080, நொடிக்கு 60 படங்கள், இரண்டு சேனல் ஒலி என்று தீர்மானித்தோம். ஈடிஐடியை நிலையாக வைக்க சிறு சுவிட்சுகள் கொண்ட எட்டு வழி ஸ்ப்ளிட்டர் ஒன்றைப் போட்டு, அடுக்கடுக்காக இருந்த பழைய மூன்றையும் எடுத்தோம். 4கே தொலைக்காட்சிகளை 1080க்கு இறக்குவது வீண் என்று ஒருவர் வாதிட்டார். அந்தத் திரைகளை மக்கள் பத்து மீட்டருக்கு அப்பாலிருந்து பார்க்கிறார்கள், ஸ்லைடின் எழுத்தைத் தொலைக்காட்சியே பெரிதாக்கிக்கொள்ளும், அந்தத் தூரத்தில் வேறுபாடு தெரியாது என்பது என் பதில். பிறகு இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டியபோது அவரால் பிரித்துச் சொல்ல இயலவில்லை.

1080 படத்தை ஏற்காத மேசை மானிட்டருக்கு மட்டும், அதன் கிளையிலேயே, படத்தின் அளவை மாற்றித் தரும் ஒரு சிறிய ஸ்கேலர் வைத்தோம். இது முக்கியம் என்று நினைக்கிறேன். ஒருவருக்கு எட்டவில்லை என்பதற்காக எல்லோரையும் கீழே இறக்கக்கூடாது. எட்டாதவர் நிற்கும் இடத்தில் ஒரு படிக்கட்டு போட வேண்டும். ஸ்கேலர் சுமார் ஒரு படநேரம் தாமதிக்கும். நொடிக்கு 60 படங்களில் அது 17 மில்லிநொடிக்கும் குறைவு. பேச்சாளர் தன் ஸ்லைடைப் பார்த்துக்கொள்ள அது ஒரு பொருட்டே அல்ல.

ஈடிஐடியை நிலைநிறுத்தியதும், கேட்காமலே இன்னொரு தொல்லையும் ஒழிந்தது. முன்பு ஏதாவது ஒரு தொலைக்காட்சியை இயக்கினாலோ அணைத்தாலோ எல்லாத் திரைகளும் ஒரு கணம் கறுக்கும். திரை வந்தது, போனது என்று அறிவிக்கும் கம்பி அசையும்போதெல்லாம் பழைய ஸ்ப்ளிட்டர் முழு விசாரணையையும் முதலிலிருந்து தொடங்கியதே காரணம். இப்போது மேலே போகும் பட்டியல் மாறுவதே இல்லை என்பதால் கணினிக்கு அந்த அசைவு தெரிவதில்லை.

வெளிறிய புரொஜெக்டர்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அனலாக் காலத்தில் சிக்னல் குறைந்தால் படம் மங்கும். அந்தப் பழக்கத்தில்தான் புரொஜெக்டருக்கும் ஒரு பூஸ்டர் வந்திருக்கிறது. எச்டிஎம்ஐயில் செல்பவை எண்கள். எண்கள் சரியாகப் போய்ச் சேர்ந்தால் நிறமும் சரியாகவே இருக்கும். கேபிள் நீளத்தால் படம் வெளிறாது. இங்கே கணினி, தொலைக்காட்சி வழக்கப்படி, கறுப்பை 16 என்றும் வெள்ளையை 235 என்றும் அனுப்பியது. புரொஜெக்டரோ 0 முதல் 255 வரை எதிர்பார்க்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. அதனால் கறுப்பு சாம்பலாகவும் வெள்ளை அழுக்காகவும் தெரிந்தன. புரொஜெக்டர் மெனுவில் ஓர் அமைப்பை மாற்றியதும் படம் தெளிந்தது. இரண்டு ஆண்டுகளாக இந்தப் புரொஜெக்டரையே மாற்றிவிடலாமா என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

நாற்பத்தைந்து மீட்டர்

உபரி அறையின் கோளாறு மட்டும் உண்மையிலேயே தூரம் சார்ந்தது. ஆனாலும் பூஸ்டர் அங்கே ஏன் உதவவில்லை?

1080 படம் நொடிக்கு 60 வீதம் போகும்போது எச்டிஎம்ஐயின் மூன்று தரவு இணைகளில் ஒவ்வொன்றிலும் நொடிக்கு 1.485 கிகாபிட் ஓடுகிறது, மொத்தம் 4.455. அதே வேகத்தில் 4கே என்றால் மொத்தம் ஏறத்தாழ 18 கிகாபிட். செம்புக் கம்பி, அதிர்வெண் கூடக்கூட அதிகமாக விழுங்கும். 18 கிகாபிட் அளவில் சாதாரண செம்புக் கேபிளில் ஐந்து மீட்டரைத் தாண்டுவதே எச்சரிக்கையோடு செய்ய வேண்டிய காரியம். 1080 கொஞ்சம் கருணை காட்டும்; நல்ல கேபிளில் 15 மீட்டர் போய்விடும். தொலைக்காட்சியின் ஈடிஐடி ஜெயித்த நாள்களில் உபரி அறை முழு இருட்டாக இருந்ததற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

பூஸ்டர் என்று கடைப் பெட்டியில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் ஓர் ஈக்வலைசர். கேபிள் விழுங்கிய உயர் அதிர்வெண்களை மட்டும் தூக்கிவிட்டு, ஒன்றுக்கும் பூஜ்யத்துக்கும் இடையே மங்கிப்போன எல்லையை மீண்டும் கூர்மையாக்குவது அதன் வேலை. ஆனால் ஒவ்வொரு துடிப்பும் வரவேண்டிய கணத்திலிருந்து சற்று முன்னும் பின்னும் நகர்ந்திருந்தால், அந்த நடுக்கத்தை வெறும் ஈக்வலைசர் சரிசெய்யாது. துடிப்புகளைப் புதிய கடிகாரத்தில் மீண்டும் அடுக்கும் ரீடைமர்தான் செய்யும். இங்கே இருந்த இரண்டும் ரீடைமர் அல்ல. முதல் கேபிளின் நடுக்கம் இரண்டாவதில் சேர்ந்தது, இரண்டாவதின் நடுக்கம் மூன்றாவதில். டிஜிட்டல் படத்தில் இடைநிலை மிகக் குறுகியது. பிழைகள் எல்லை தாண்டத் தொடங்கும்போது வெள்ளைப் பொட்டுகள் தெறிக்கும்; இன்னும் கொஞ்சம் தாண்டினால் படமே இராது. அந்த அறை இரண்டு ஆண்டுகளாக அந்த விளிம்பிலேயே நின்றுகொண்டிருந்தது.

மேலும் இரண்டு குற்றவாளிகள் இருந்தார்கள். அந்தப் பூஸ்டர்களுக்குத் தனி மின்சாரம் இல்லை. கேபிளின் 5 வோல்ட்டிலிருந்தே எடுத்துக்கொண்டன. எச்டிஎம்ஐ விதிப்படி மூலக்கருவி அந்தக் கம்பியில் தரக் கடமைப்பட்டது 55 மில்லிஆம்பியர் மட்டுமே. அதை இரண்டு பூஸ்டர்களும் தொலைக்காட்சியும் பங்குபோட்டுக்கொண்டால், கடைசியில் எஞ்சும் வோல்ட்டில் டிடிசி பேச்சு நடப்பதே அதிர்ஷ்டம். மெதுவாக ஓடும் அந்த டிடிசி தடத்துக்கும் நீளம் பகைதான்: கேபிள் நீள நீள அதன் மின்தேக்கம் கூடி, துடிப்புகள் நிமிர்வதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடும். படம் நன்றாக வந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று அறுந்து இரண்டு நொடியில் திரும்புவது, பட இணைகளைவிட இந்தத் தடம் தடுமாறுவதன் அடையாளமாக இருப்பதை வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறேன்.

மற்றொன்றைப் பொறுப்பாளரின் நோட்டுதான் காட்டிக்கொடுத்தது. படம் போன நேரங்களைக் குறித்திருந்தார். குளிரூட்டியின் கம்பிரசர் தொடங்கும் நேரங்களோடு அவை பல முறை பொருந்தின. உபரி அறைக்கு மின்சாரம் வேறொரு பகிர்மானப் பெட்டியிலிருந்து வந்தது. இரண்டு இடங்களின் எர்த்துக்கும் இடையே இருந்த சிறு வோல்ட் வேறுபாட்டை எச்டிஎம்ஐ கேபிளின் உலோக உறையே சமன்செய்துகொண்டிருந்தது. கம்பிரசர் தொடங்கும்போது அந்த உறையில் ஓடும் மின்னோட்டம் குதிக்கும். விளிம்பில் நிற்கும் சிக்னலுக்கு அந்தத் தள்ளல் போதும். எர்த்தைத் துண்டித்து இதைச் சரிசெய்ய யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். எர்த் உயிரைக் காப்பதற்காக இருப்பது. அதைத் தொடவே கூடாது. இரு முனைகளின் எர்த்துகளையும் கேபிளின் உலோக உறை இணைக்காத வழியைத் தேடுவதே முறை.

ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிள் ஒரு வழி. நூறு மீட்டர் வரைகூடக் கிடைக்கிறது. ஆனால் அதில் பல வகைகளில் ஒளியிழையோடு, டிடிசிக்கும் மின்சாரத்துக்கும் செம்புக் கம்பிகளும் சேர்ந்தே ஓடுகின்றன. முழுத் துண்டிப்பு கிடைத்துவிட்டது என்று நம்பிவிட முடியாது. மேலும் அந்த முனையை எங்கள் குழாய் வளைவுகளில் இழுப்பது கடினம், அறுந்தால் வெட்டி ஒட்டவும் இயலாது. எது மூல முனை, எது திரை முனை என்பதும் அதில் நிலையானது. மாற்றி இழுத்துவிட்டால் மீண்டும் முழுவதையும் வெளியே எடுக்க வேண்டும்.

எச்டிபேஸ்டி இன்னொரு வழி. நெட்வொர்க் கேபிள் போன்ற நான்கு முறுக்கிணைகளில் படம், ஒலி, கட்டுப்பாடு எல்லாவற்றையும் அனுப்பும் முறை அது. 2010இல் எல்ஜி, சாம்சங், சோனி, வேலன்ஸ் ஆகிய நான்கு நிறுவனங்கள் கூடி அதற்கென்று ஒரு கூட்டமைப்பை அமைத்தன. வகையைப் பொறுத்து 1080 படம் 70 அல்லது 100 மீட்டர் செல்லும். இழுப்பறையைத் துழாவியபோது அதே வகைக் கருவி ஒன்று, அனுப்பி, ஏற்பி இரண்டுமாக, பெட்டியோடு கிடந்தது. "அது வேலை செய்யவில்லை, சார், மோசமான சரக்கு" என்றார் பொறுப்பாளர்.

எப்படி இணைத்தீர்கள் என்று கேட்டேன். அனுப்பியைச் சுவரில் இருந்த நெட்வொர்க் துளையில் செருகியிருக்கிறார்கள். அந்தத் துளையின் கேபிள் நெட்வொர்க் சுவிட்சுக்குப் போகிறது; அங்கிருந்து இன்னொரு கேபிள் உபரி அறைக்கு. அந்தக் கருவியின் மேல் எனக்கு இரக்கமே வந்தது. எச்டிபேஸ்டி, நெட்வொர்க் கேபிளை மட்டுமே பயன்படுத்துகிறது. நெட்வொர்க் மொழியைப் பேசுவதில்லை. இடையில் சுவிட்ச் இருந்தால் அதற்கு வழியே கிடையாது. முனைக்கு முனை ஒரே கேபிள் வேண்டும். குழாயில் முழுச் செம்பாலான கேட் 6 வகை நெட்வொர்க் கேபிள் ஒன்றைத் தனியாக இழுத்தோம். வளைவுகளையும் சேர்த்து 52 மீட்டர் வந்தது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவான கேபிளை இந்த வேலைக்குத் தொடவேண்டாம். இரு முனைகளிலும் இணைகளின் வரிசையைச் சோதித்துவிட்டுச் செருகினேன். படம் உடனே வந்தது. கம்பிரசரை வேண்டுமென்றே பத்து முறை இயக்கி நிறுத்திப் பார்த்தோம். ஒரு பொட்டுகூடத் தெறிக்கவில்லை.

மீடியா பிளேயரின் மௌனம்

மீடியா பிளேயரில் எந்தப் படமும் வராததற்குக் காரணம் பதிவுக் கருவி. உரிமை காக்கப்பட்ட படங்களை பிளேயர் எச்டிசிபி என்ற குறியாக்கத்தோடு அனுப்புகிறது. வழியில் இருக்கும் ஒவ்வொரு கருவியும் தன்னிடம் சாவி இருப்பதை நிரூபிக்க வேண்டும். ஸ்ப்ளிட்டர் தனக்குக் கீழே இருப்பவர்களின் பட்டியலைத் திரட்டி மேலே தருகிறது. பதிவுக் கருவிக்கு எச்டிசிபி தெரியாது. நல்ல ஸ்ப்ளிட்டர் அந்த ஒரு வாயை மட்டும் மூடிவிட்டு மற்றவற்றுக்குப் படம் தரும். அங்கே அடுக்கியிருந்த பழையவை எல்லா வாயையும் மூடின. பதிவுக் கருவியின் கேபிளைப் பிடுங்கியதும் ஐந்து திரைகளிலும் படம் வந்தது. மேசை மானிட்டர் பழையது என்றாலும் எச்டிசிபி தெரிந்தது என்பது அப்போதுதான் உறுதியானது.

குறியாக்கத்தை நீக்கிவிடும் கருவிகளைப் போடலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. அடுத்தவரின் உரிமையுள்ள படத்தைப் பதிவு செய்யும் தேவையே அந்தக் கூடத்துக்கு இல்லை. உரையும் ஸ்லைடும் பதிவானால் போதும். எனவே பழைய செலக்டரை எடுத்துவிட்டு, இரண்டு உள்ளீடும் இரண்டு வெளியீடும் கொண்ட, எந்த உள்ளீட்டையும் எந்த வெளியீட்டுக்கும் அனுப்பக்கூடிய மேட்ரிக்ஸ் ஒன்றை வைத்தோம். ஒரு வெளியீடு எட்டு வழி ஸ்ப்ளிட்டருக்கு. மற்றொன்று பதிவுக் கருவிக்கு. பதிவுக் கருவிக்கு எப்போதும் மடிக்கணினிதான்.

இதில் ஒரு நுணுக்கம் இருந்தது. எதிரில் இருப்பவருக்கு எச்டிசிபி தெரியும் என்று கண்டால், சில கணினிகள் சாதாரண ஸ்லைடைக்கூடக் குறியாக்கி அனுப்புகின்றன. அப்படியானால் பேச்சாளரின் சொந்த ஸ்லைடே பதிவாகாமல் போய்விடும். மேட்ரிக்ஸில் உள்ளீடு வாரியாக எச்டிசிபியை அறிவிக்காமல் விடும் அமைப்பு இருந்தது. மடிக்கணினி உள்ளீட்டுக்கு அதை அணைத்து, பிளேயர் உள்ளீட்டுக்கு அப்படியே விட்டோம்.

பிளேயரை 1080க்கு வைத்ததற்கு ஈடிஐடி மட்டும் காரணமல்ல. 4கே படங்கள் பலவும் எச்டிசிபி 2.2 கேட்கும். வழியில் ஒரே ஒரு கருவி பழைய பதிப்பில் நின்றாலும் பிளேயர் மறுத்துவிடும் அல்லது தரத்தைத் தானே இறக்கிக்கொள்ளும். நாமே இறக்கி வைத்தால் அந்தத் தடுமாற்றம் இல்லை.

பழைய கேமரா

கடைசியாகக் கேமரா. இதை நான் மிகவும் ரசித்துச் செய்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் இங்கே கணக்கு தாளிலேயே விடையைச் சொல்லிவிடுகிறது.

படமும் வண்ணமும் ஒத்திசைவும் ஒரே கம்பியில் செல்லும் அனலாக் காம்போசிட் வீடியோ 75 ஓம் சுமையில் 1 வோல்ட் உயரம் இருக்க வேண்டும், அதில் 0.3 வோல்ட் ஒத்திசைவுத் துடிப்பு, மீதி 0.7 படம். கேமராவுக்குள்ளும் 75 ஓம் இருக்கிறது. அதாவது உள்ளே 2 வோல்ட் உண்டாகி, பாதி உள்ளே தங்கி, பாதி வெளியே வருகிறது. அந்தக் கூடத்தில் கேமராவின் வாயில் ஒரு டி இணைப்பியைப் போட்டு, இரண்டு மானிட்டர்களுக்கும் கேபிள் இழுத்திருந்தார்கள். இரண்டு 75 ஓம்கள் இணையாக நின்றால் 37.5 ஓம். இப்போது வெளியே கிடைப்பது 2 வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு, 0.67 வோல்ட். மூன்றாவது மானிட்டரையும் சேர்த்தால் 0.5. அலைகாட்டியில் பார்த்தபோது தூரத்து மானிட்டருக்கு வரும் கேபிளின் முனையில் 0.6க்குச் சற்று மேல் இருந்தது. ஒத்திசைவுத் துடிப்பு 0.2 அளவுக்குச் சுருங்கியிருந்தது. படம் சில சமயம் உருண்டோடியதற்கு அதுவே காரணம்.

தூரத்து முனையில் இருந்த ஆம்ப்ளிஃபையர், அதாவது அந்த ஐந்தாவது பூஸ்டர், உயரத்தை 1 வோல்ட்டுக்குத் தூக்கியிருந்தது உண்மை. ஆனால் வழியில் சேர்ந்த இரைச்சலையும் அது அதே அளவு தூக்கியது. வண்ணமும் திரும்பவில்லை. வண்ணச் செய்தி 4.43 மெகாஹெர்ட்ஸ் அருகில், காம்போசிட் சிக்னலின் உச்சிப் பகுதியில் இருக்கிறது. நீண்ட கேபிள் முதலில் கடிப்பது அதைத்தான். எல்லாவற்றையும் சமமாகத் தூக்கினால் வெளுப்பு கூடும், வண்ணம் பின்தங்கியே நிற்கும்.

கேமராவுக்கு அருகிலேயே ஒரு வீடியோ டிஸ்ட்ரிபியூஷன் ஆம்ப்ளிஃபையர் வைத்தோம். அது கேமராவுக்கு ஒரே ஒரு 75 ஓம் சுமையாகத் தெரியும். ஒவ்வொரு வெளியீட்டிலும் தனித்தனியாக முழு 1 வோல்ட் தரும். நீண்ட கேபிளுக்கான வெளியீட்டில் உயர் அதிர்வெண்ணைக் கொஞ்சம் முன்கூட்டியே தூக்கி அனுப்பும் வசதியும் இருந்தது. சிக்னல் இன்னும் சுத்தமாக இருக்கும் இடத்தில் தூக்கினால் இரைச்சல் கூடச் சேர்ந்து தூக்கப்படுவதில்லை.

ஆன்டெனாவிலிருந்து பல தொலைக்காட்சிகளுக்குப் பிரிப்பதிலும் இதே நியாயம்தான். இரண்டு வழி பிரிப்பான் ஏறத்தாழ 3.5 டெசிபலும், நான்கு வழி 7 டெசிபலும் எடுத்துக்கொள்ளும். ஆம்ப்ளிஃபையரை ஆன்டெனாவுக்கு அருகில், இழப்புக்கு முன்னால் வைத்தால் அது ஈடுகட்டும். பிரித்து, கேபிளில் தேய்ந்து, இரைச்சலில் பாதி முழுகிய பிறகு தொலைக்காட்சிக்குப் பின்னால் வைத்தால் முழுகியது முழுகியதுதான். பயன்படாத வாய்களில் 75 ஓம் மூடி போட வேண்டும் என்பதும் அங்கே விதி. எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டரில் அந்தக் கவலை இல்லை. ஒவ்வொரு வாயும் தனி மின்சுற்று, காலியாக விட்டால் மற்றவர்களுக்கு எதுவும் ஆகாது.

ஒப்படைத்தபோது

ஒரு நாள் முழுக்க, எட்டு மணி நேரம், எல்லாத் திரைகளையும் இயக்கிவிட்டு உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொன்றாக அணைத்தோம், இயக்கினோம், கேபிளைப் பிடுங்கிச் செருகினோம், நான்கு விதமான மடிக்கணினிகளைக் கொண்டுவந்து செருகினோம். ஒரே ஒரு குறை மிஞ்சியது: மடிக்கணினியிலிருந்து பிளேயருக்கு மாறும்போது இடப்பக்கத் தொலைக்காட்சி மட்டும் மற்றவற்றைவிட மூன்று நொடி தாமதமாகப் படம் காட்டுகிறது. சாவிச் சோதனையில் அந்தத் தொலைக்காட்சி மெதுவானது. ஸ்ப்ளிட்டரின் வேறு வாய்க்கு மாற்றியபோதும் அதே மூன்று நொடி தொடர்ந்தது. பொறுப்பாளரிடம் இதைச் சொல்லி, நோட்டில் எழுதவும் வைத்தேன்.

அலமாரிக் கதவின் உட்புறத்தில் இணைப்பு வரைபடத்தை ஒட்டி, ஒவ்வொரு கேபிளின் இரு முனைகளிலும் எண் கட்டினோம். ஸ்ப்ளிட்டரின் சிறு சுவிட்சுகள் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதையும் அதிலேயே வரைந்திருக்கிறேன். யாராவது கைதவறி ஒன்றைத் தள்ளிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

மூன்று மாதம் கழித்து பொறுப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். முன்கூடத்தில் இன்னும் இரண்டு தொலைக்காட்சிகள் வைக்கப்போகிறார்கள், அலமாரியிலிருந்து 30 மீட்டர். "ஸ்ப்ளிட்டரில் மூன்று வாய் காலியாக இருக்கிறது, சார். இரண்டு கேட் 6 இழுத்து, இரண்டு எச்டிபேஸ்டி வாங்கினால் போதும் அல்லவா? சுவிட்ச் வழியாக விடமாட்டேன்" என்றார். போதும் என்றேன். தொலைக்காட்சிகளுக்கு மின்சாரம் எந்தப் பகிர்மானப் பெட்டியிலிருந்து எடுக்கிறார்கள் என்பதை மட்டும் கேட்டுச் சொல்லச் சொன்னேன். அதையும் ஏற்கெனவே நோட்டில் எழுதி வைத்திருந்தார்.